முதியோர் மனநல ஓ.பி. பார்க்கிறவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்?

புதன்கிழமை_டாக்டர்:
அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர். வாரம் ஒரு நாள் முதியோர் ஓ.பி. மற்ற நாள்களில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் சமாளித்துவிடுகிறேன், அந்த ஒரு நாள் முடிந்தால் மட்டும் வீட்டில் யாரோடும் பேசப் பிடிப்பதில்லை. கேரி பேக் நிறைய மாத்திரையை மேசையில் கொட்டுவார்கள். சுகருக்கு ஒரு டாக்டர் எழுதியது, இதயத்துக்கு இன்னொருவர், தூக்கத்துக்கு மெடிக்கல் கடைக்காரரே கொடுத்தது. எது எதற்கென்று பிரிப்பதற்குள் வெளியே வரிசையில் சத்தம் கிளம்பிவிடும். அப்புறம் மகன், "ராத்திரி தூங்குற மாதிரி ஏதாவது குடுங்க டாக்டர், அது போதும்" என்பார். சமீபமாக எனக்கே எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றுகிறது. பர்ன் அவுட், வேலையால் மனசு சோர்ந்து போவது என்கிறார்களே, அது இதுதானா?

பழைய_ஸ்டெத்:
ரிட்டயர்டு ஆள் சொல்கிறேன் தம்பி. பர்ன் அவுட்டை அளக்கிற மாஸ்லாக் அளவுகோலில் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: மனசு வற்றிப்போவது, நோயாளி ஆளாகத் தெரியாமல் வெறும் கேஸாகத் தெரிவது, செய்கிற வேலையால் பயனில்லை என்ற நினைப்பு. உங்களுக்கு முதலாவது வந்துவிட்டது, இரண்டாவது எட்டிப் பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் பர்ன் அவுட்டை நோய் என்று சேர்க்கவில்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றுதான் சேர்த்திருக்கிறது. அதனால் யாராவது யோகா வகுப்புக்கு அனுப்பினால் போய்விட்டு வாருங்கள், வந்ததும் கண்காணிப்பாளரிடம் ஆள் கேளுங்கள்.

வார்டு_சிஸ்டர்:
டாக்டர், மாத்திரைப் பையை நீங்கள் ஏன் பிரிக்கிறீர்கள்? எங்கள் ஓ.பி.யில் காத்திருக்கும் நேரத்திலேயே நர்ஸ் பட்டியல் எழுதிவிடுவார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு உளறுறாங்க" என்று பாட்டியைக் கூட்டி வந்தால், உங்கள் அறைக்கு வருமுன்பே யூரின், சோடியம் டெஸ்டுக்கு அனுப்ப உத்தரவு எழுதி வைத்துவிடுங்கள். பாதி மறதி கேஸ் அங்கேயே யூரின் தொற்று, சோடியம் குறைவு என்று வேறு கேஸ் ஆகிவிடும்.

அம்மாவின்_மகள்:
நான் டாக்டர் இல்லை. அந்த மகனைக் கொஞ்சம் யோசியுங்கள் சார். அம்மா ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார், காலையில் நான் வேலைக்குப் போக வேண்டும். மாத்திரை கேட்காமல் வேறு என்ன கேட்பது? எங்களை எரிச்சலோடு பார்க்கிற டாக்டரிடம் அடுத்த முறை உண்மையையும் சொல்ல மாட்டோம்.

புதன்கிழமை_டாக்டர்:
சரிதான் அம்மா. கேட்பதில் தப்பில்லை. ஆனால் டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்று கொடுக்கிற ஆன்டிசைக்கோடிக் (தீவிர மனநோய்க்கான) மாத்திரைகள் உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005இலேயே எச்சரித்தது, தூக்க மாத்திரை என்றால் விழுந்து இடுப்பெலும்பு முறிகிற பயம். இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரமாவது வேண்டும், எனக்கு அது இல்லை. சிஸ்டர், பட்டியல் யோசனையை அடுத்த வாரமே தொடங்குகிறேன். குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய சோஷியல் வொர்க்கர் பணியிடம் இங்கே காலி. அந்த வேலையை உங்கள் ஊரில் யார் செய்கிறார்கள்?