வெள்ளகவி பற்றிய 1821 குறிப்பு எங்கே கிடைக்கும்?

வெள்ளகவிக்கு ஒரு ஊர் வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு பழைய ஆவணம் கிடைக்காமல் எட்டு மாதமாக வேலை அப்படியே நிற்கிறது.

கொடைக்கானலுக்குக் கீழே, வட்டக்கானலில் இருந்து டால்பின் மூக்குப் பாறை வழியாக இறங்கினால் வரும் மலைக்கிராமம் இது. கோயில்களும் வீடுகளும் ஒட்டி ஒட்டி இருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. நானும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். காப்பிக்கொட்டை மூட்டை சுமந்த குதிரை ஒன்று என் தோளை உரசிக்கொண்டு மேலே ஏறியது.

1821இல் மலையை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் வார்டு இந்த ஊரில் தங்கித்தான் கொடைக்கானலுக்கு ஏறினார். கொடைக்கானல் ஊராக உருவானதே 1845இல்தான். மேலே இருக்கும் நகரத்தைவிட மூத்த ஊர், அதைப் பற்றி எங்கே தேடினாலும் நாலு வரிக்கு மேல் இல்லை என்பது மனதை உறுத்துகிறது.

1906ஆம் ஆண்டு மதுரை கெசட்டியரை (மாவட்ட விவர நூல்) பார்த்துவிட்டேன். இந்த ஊர் இருக்கும் திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985இல் என்பதால் மதுரையிலும் தேடினேன். ஓர் அலுவலகத்தில், அந்த ஆவணக் கட்டு இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடம் இரண்டு முறை உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தேன். தலைமுறைக் கணக்கு அழகாகச் சொல்கிறார்கள், ஆண்டுக் கணக்கு இல்லை. கோயில்களில் கல்வெட்டும் என் கண்ணில் படவில்லை.

வார்டின் அளவைக் குறிப்பை முழுதாகப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அது எந்த நூலகத்தில், எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?