பாலிக் பூலாவ் மலைத் தோட்டத்துக்குப் பழைய பிக்கப், எதைப் பார்த்து வாங்குவது?

புக்கிட் மருமகன்:

வணக்கம். மாமனாருக்கு பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம் மலைச்சரிவில் மூன்று ஏக்கர் டுரியான் தோட்டம் இருக்கிறது. இத்தனை வருடமும் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கூடை கட்டித்தான் பழம் இறக்கினார். போன பருவத்தில் வண்டியோடு சரிந்து விழுந்து கையில் ஏழு தையல், இனி அவரை அந்தப் பாதையில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்று தேடுகிறேன். கையில் 45,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது, கடன் வாங்கப் போவதில்லை.

பெரிய சாலையிலிருந்து எட்டடி அகல சிமெண்டுப் பாதை, நடுவில் இரண்டு கொண்டை ஊசி வளைவு, கடைசி அரை கிலோமீட்டர் வெறும் செம்மண், மழை பெய்தால் நடக்கிறவனே வழுக்கி விழுவான். ஒரு நடைக்கு 400 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன். வார நாட்களில் இதே வண்டியில்தான் புக்கிட் மெர்தாஜமிலிருந்து பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் வேலைக்கும் போக வேண்டும்.

மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்: 2012 ஹைலக்ஸ் 2.5 மேனுவல், 2014 டிமேக்ஸ் 2.5 மேனுவல், 2015 டிரைட்டன் 2.5 ஆட்டோ. ஹைலக்ஸ் மற்ற இரண்டையும்விட 6,000 வெள்ளி கூட. மூன்றும் பளபளவென்று நிற்கின்றன, எனக்கோ பானட்டைத் திறந்தால் ஒன்றும் புரியாது. எதை எடுக்கலாம்?

செம்பனை லோரி:

தம்பி, மூன்றும் அந்தப் பாதையில் ஏறும். மூன்றுக்கும் ஏணி போன்ற சேஸி (அடிச்சட்டம்), பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்), நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் ஃபோர் லோ கியர் எல்லாம் உண்டு, அதனால் பெயரை விட்டுவிட்டு எந்த வண்டி எப்படி உழைத்திருக்கிறது என்று பாருங்கள். நான் நிபோங் திபாலில் பதினெட்டு வருடமாகச் செம்பனைக் குலை ஏற்றுகிறேன், ஒரு குலையே 20 கிலோ வரும், ஒரு டன் தாங்கும் பிக்கப்பில் இரண்டு டன் ஏற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த வண்டிகள்தான் பிறகு பாலிஷ் போட்டு விற்பனைக்கு வருகின்றன.

முதலில் வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவில் உள்ள சந்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே விரிந்து கீழே நெருங்கியிருந்தால் பாரம் தாங்காமல் சேஸி வளைந்திருக்கிறது, அந்த வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம் ஒரு சாக்கை விரித்து அடியில் படுங்கள். பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸி வளைந்து போகும் இடத்திலும், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களிலும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். சேஸியின் உள்ளே வெற்றிடம், சேறு போய் உட்கார்ந்தால் ஈரம் காயவே காயாது, வெளியில் பெயிண்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்பு பெயிண்ட் என்றால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். இரண்டு பக்கமும் லீஃப் எண்ணிக்கையையும் எண்ணிவிடுங்கள், கூடுதலாக ஒன்று செருகியிருந்தால் அது என்ன வேலை செய்த வண்டி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜெலுத்தோங் பட்டறை:

அண்ணன் சேஸியைச் சொல்லிவிட்டார், நான் எஞ்சினைச் சொல்கிறேன். காலையில் முதல் ஆளாகப் போங்கள். பானட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஓடியதும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, குபுகுபுவென்று புகையும் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது, நீங்கள் சொன்ன ஹைலக்ஸிலும் டிரைட்டனிலும் டைமிங் பெல்ட், டிமேக்ஸில் சங்கிலி. பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போய்விடும், ஆகவே எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள், இல்லை என்றால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள். டிரைட்டனில் பக்கத்திலேயே எஞ்சின் அதிர்வைக் குறைக்கச் சின்னதாக ஒரு பேலன்சர் பெல்ட்டும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இன்னொன்று, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம், ஹுலு லங்காட் பக்கமும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நமக்குத் தெரியும். நானே ஒரு வியாபாரியிடம் ஏமாந்திருக்கிறேன், பட்டறைக்காரன் என்ற நினைப்பில் எஞ்சினை மட்டும் பார்த்து வாங்கினேன். மூன்றாவது மாதம் ஒவ்வொரு விளக்காக அணைய ஆரம்பித்தது, டாஷ்போர்டைப் பிரித்தால் வயர் முனைகள் எல்லாம் பச்சைப் பூஞ்சை பிடித்த மாதிரி. அதன்பிறகு எந்த வண்டி என்றாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பேன். வெளியே தெரியும் பாதியைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பாதியில் மண் கோடு அப்படியே இருக்கும். பின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயிலையும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள், தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் பி5 சோதனை உண்டு, ஆனால் அது எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் சரியா, திருட்டு வண்டியா என்று பார்ப்பதற்கு. அதில் பாஸானது என்பதை வைத்து வண்டி நல்ல வண்டி என்று நினைத்துவிடாதீர்கள்.

மலைப்பாதை:

நானும் பாலிக் பூலாவ்தான், அந்த மாதிரிப் பாதையில் தினமும் ஓட்டுகிறேன். எஞ்சினைப் பற்றி இவ்வளவு பேசினோம், டயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! செம்மண்ணில் நிறுத்துவதும் ஏற்றுவதும் டயர்தான். பக்கவாட்டில் எப்போது தயாரித்தது என்று காட்டும் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறேழு வருடம் தாண்டிய டயர் பூ நன்றாக இருந்தாலும் இறுகிப்போயிருக்கும், மாற்றிவிடுங்கள். தினமும் பாலம் தாண்டுகிறீர்கள், அதனால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர் போதும், சேற்றுக்கான மட் டெரைன் போட்டால் தார்ச் சாலையில் இரைச்சலும் டீசல் செலவும் கூடும். டீசல் 2024 ஜூன் 10 முதல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆன நாளிலிருந்து நான் இதையெல்லாம் கணக்குப் பார்க்கிறேன்.

சிமெண்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். காய்ந்த சிமெண்டில் டயர் வழுக்காது, வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், நடுவில் கியரெல்லாம் முறுக்கிக்கொள்ளும். மண் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திப் போடுங்கள். பழத்தோடு இறங்கும்போது ஃபோர் லோ, முதல் கியர், பிரேக்கில் கால் வைக்காமல் எஞ்சினே பிடித்து இறக்கட்டும். ஈர மண்ணில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது.

கொண்டை ஊசிக்கு டிரைட்டன் கொஞ்சம் வசதி, 5.9 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும்.

புக்கிட் மருமகன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை சாக்கும் சுத்தியலுமாகப் போனேன், மாமனாரும் கூடவே வந்துவிட்டார். ஹைலக்ஸில் கேபின் சந்து மேலே என் இரண்டு விரல் போகிறது, கீழே ஒன்றுதான். டிரைட்டனின் பானட் காலை எட்டு மணிக்கே சுட்டது, மறுநாள் வரலாமா என்று கேட்டதற்கு விற்றுவிடும் என்றார்கள். டிமேக்ஸ் ஒரு பள்ளி ஆசிரியருடையது, சீட் பெல்ட் கடைசிவரை சுத்தம், தட்டிய இடமெல்லாம் கணீர், சர்வீஸ் ரசீதுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். டயர் மட்டும் 2016, அதைக் காட்டி 1,500 வெள்ளி குறைத்தேன். வளைவில் ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும், பரவாயில்லை. வியாழக்கிழமை புஸ்பாகோமுக்கு நேரம் வாங்கியாகிவிட்டது.

மலைப்பாதை அண்ணன், டயருக்கு பாலிக் பூலாவிலேயே கடை இருக்கிறதா, இல்லை பாயான் லெப்பாஸில் பார்க்கட்டுமா?