ஸ்லைடிங் கேட்டில் ‘கடக்’ சத்தம்: மோட்டாரா, ரேக்கா?

வாசல்77:
வணக்கம். வீட்டு வாசலில் 14 அடி ஸ்லைடிங் கேட். கேட்டின் அடியில் இரும்பு ரேக் (பல் வெட்டிய நீளப் பட்டை), ரிமோட் மோட்டார். ஓடும்போது ‘கடக்’ என்று சத்தம் வருகிறது, கூடவே கேட்டும் ஒரு உதறு உதறுகிறது. நேற்று பாதியில் நின்று தானாகவே திரும்பிப் போய்விட்டது. முன்பு பார்க்க வந்த மெக்கானிக் ரேக் முழுக்க கிரீஸ் அப்பினார். கொஞ்ச நாள் சும்மா இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பட்டறைக்காரன்:
பொறுங்கள் சார். சத்தம் வரும் ஒவ்வொரு இடத்திலும், பினியனுக்கு (ரேக்கை ஓட்டும் மோட்டாரின் பல் சக்கரம்) நேரே ரேக்கில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பினியனில் எத்தனை பல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் மோட்டார் பிடியை விடுவிக்கும் லீவரைத் திறந்து கேட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

வாசல்77:
17 பல். கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர். கையால் தள்ளினாலும் அதே இடங்களில் தட்டுகிறது.

பட்டறைக்காரன்:
அப்படியென்றால் மோட்டார் மேல் பழி போட வேண்டாம். கேட் ரேக் பெரும்பாலும் மாட்யூல் 4 (பல்லின் அளவைச் சொல்லும் எண்). அதில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் தூரம் 4 × 3.1416, அதாவது 12.57 மி.மீ. பினியன் ஒரு பல் நகர்ந்தால் கேட்டும் அதே 12.57 நகரும். 17 பல்லும் ஒரு சுற்று வந்தால் சுமார் 21 செ.மீ. பினியனில் ஒரு பல் உடைந்திருந்தால் 21 செ.மீ.க்கு ஒருமுறை தட்டியிருக்கும். உங்களுக்கு மீட்டருக்கு ஒருமுறை. ரேக் பெரும்பாலும் ஒரு மீட்டர் துண்டுகளாக வரும், ஆக கோளாறு துண்டுகள் சேரும் ஜாயின்ட்டில். கையால் தள்ளும்போதும் பினியன் ரேக்கோடு சேர்ந்தே சுழலும், அதனால்தான் அப்போதும் சத்தம்.

நல்ல இடத்தில் பத்துப் பல் அளந்தால் சுமார் 12.6 செ.மீ. இருக்கும். ஜாயின்ட்டைத் தாண்டி அதே பத்தை அளந்து பாருங்கள். கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் பினியன் பல் பள்ளத்தில் இறங்காமல் ரேக் பல்லின் மேல் ஏறும். சுற்று தடைப்பட்டதும், ஏதோ குறுக்கே நிற்கிறது என்று மோட்டாரின் கண்ட்ரோல் போர்டு நினைத்து கேட்டைத் திருப்பிவிடும்.

முதலில் மெயினை அணையுங்கள், விரல் மாட்டினால் நசுங்கிவிடும். உதிரி ரேக் துண்டு ஒன்றைக் கவிழ்த்து, பல்லோடு பல் பொருந்த ஜாயின்ட்டின் மேல் வைத்து கிளாம்ப் போடுங்கள். ஒரு பக்கத் துண்டைத் தளர்த்தினால் தானாக இடத்துக்கு வரும், அப்படியே முறுக்கிவிடலாம். போல்ட் ஓட்டையில் நகர இடமில்லை என்றால் வெல்டரைக் கூப்பிட்டு ஸ்பேசரை (ரேக்கைக் கேட்டோடு பிடிக்கும் துண்டு) மாற்றி வைக்க வேண்டும். அந்த கிரீஸையும் துடைத்துவிடுங்கள். தெருப் புழுதி ஒட்டினால் உப்புக் காகிதம்தான்.

ஸ்டீயரிங்_ராஜா:
ரேக்கைப் பினியனோடு நன்றாக அழுத்தி வைத்தால் பல் தாவாதே? கார் ஸ்டீயரிங்கில் ஸ்பிரிங் வைத்து அழுத்தித்தானே இருக்கிறது?

பட்டறைக்காரன்:
காரில் சரி தம்பி, ஸ்டீயரிங் வீல் ஆட்டம் காணக் கூடாது, அதற்காக ஸ்பிரிங். கேட்டில் அது வேண்டாம். கேட்டின் எடை சக்கரத்தில் நிற்க வேண்டும், மோட்டார் ஷாஃப்ட்டில் அல்ல. பினியன் பல் நுனிக்கும் ரேக் பள்ளத்துக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. விடணும். இரண்டு ஹாக்சா பிளேடு சேர்ந்து நுழைந்தால் போதும். சக்கரம் தேய்ந்து கேட் இறங்கினாலும் இந்த இடைவெளிதான் முதலில் போகும்.

வாசல்77:
அளந்தேன் அண்ணா. நடு ஜாயின்ட்டில் பத்துப் பல் 12.9 செ.மீ.! ஒரு ஸ்பேசரில் வெல்டிங் விட்டிருந்தது. வெல்டர் தட்டி எடுத்து, ரேக்கைக் கவிழ்த்து வைத்தே மறுபடி பிடித்தார். அங்கே சத்தம் போச்சு. கடைசி ஜாயின்ட்டில் மட்டும் லேசாகத் தட்டுகிறது, பத்துப் பல் அளவு சரியாகத்தான் இருக்கிறது.

பட்டறைக்காரன்:
அளவு சரி என்றால் உயரத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு பிளேடு நுழைகிறதா? இல்லையென்றால் அந்தத் துண்டை மட்டும் ஒரு மி.மீ. மேலே தூக்கி முறுக்குங்கள்.