செவுசெவு: ஃபிஜி கிராமத்தில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு

ஃபிஜிக்குப் போகிறவர்கள் அங்குள்ள கிராமங்களுக்குள் வெறுங்கையோடு நுழைய வேண்டாம். நாந்தி சந்தையில் யங்கோனா வேரைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். காவா என்று நாம் கேள்விப்படுவது அதைத்தான். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு பா நகருக்கு மேலே மலையிலுள்ள ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியிலேயே வழிகாட்டி எங்கள் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றச் சொல்லி, இடுப்பில் சுற்றிக்கொள்ள ஆளுக்கொரு சுலு கொடுத்தார்.

பெரியவர் ஒருவரின் வீட்டில், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். வேர்க்கட்டை முன்னால் வைத்ததோடு என் வேலை முடிந்தது. நாங்கள் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை எங்கள் சார்பில் வழிகாட்டியே தாழ்ந்த குரலில் சொன்னார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நீண்ட பதில் சொன்னார். இதுதான் செவுசெவு. அந்தப் பதில் கிடைக்கும்வரை நாம் வெளியாட்கள். கிடைத்துவிட்டால் அந்த ஊரின் விருந்தாளிகள். ஒரு சொல்லும் புரியாமலே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை முறையாக என்னை யாரும் எந்த ஊருக்குள்ளும் அழைத்ததில்லை.

வேசி மரத்தில் குடைந்த தானோவா என்ற பெரிய பாத்திரத்தில், வேர்ப்பொடியைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்தார் ஓர் இளைஞர். வழவழவென்று தேய்த்த தேங்காய்ச் சிரட்டையில் எனக்கு நீட்டினார்கள். கையைக் குவித்து ஒருமுறை தட்டி, ‘புலா’ என்று சொல்லி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். குடித்ததும் எல்லோரும் ‘மாதா’ என்றார்கள். காலியாகிவிட்டது என்று பொருள். மறுபடி மூன்று தட்டு.

முதலில் நனைந்த மண்ணின் வாசம், பிறகு கசப்பு. சற்று நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போயின. மிளகும் வெற்றிலையும் இந்தச் செடியின் குடும்பம்தான். இது மது அல்ல. உடம்பு தளர்ந்து பேச்சு மெதுவாகிறது. ஆனால் கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. மதுவோடு சேர்க்கவும் கூடாது.

மறுநாள் மாலை நாந்தியில், எங்களை ஏற்றிவந்த டாக்சிக்காரர் தம் வீட்டுக்கு அழைத்தார். 1903-க்குப் பிறகு சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர். தமிழில் சில சொற்களே தெரிந்தன. திண்ணையில் பிளாஸ்டிக் பேசின் நிறையக் காவா இருந்தது. அதை அவர்கள் ‘கிராக்’ (grog) என்கிறார்கள். எனக்கு முதல் சிரட்டையை நீட்டிவிட்டு, அவரும் கையைக் குவித்துத் தட்டினார்.