தக்காளி நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்கிறது: கார்பன்டாசிம் ஊற்றியும் நிற்கவில்லை

கேள்வி (பாலக்கோடு):
வணக்கம். 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகளில், நிழல்வலைக்குள் தக்காளி நாற்று விட்டிருக்கிறேன். முளைத்துப் பன்னிரண்டு நாளாகிறது. ஐந்து நாள் விடாத தூறலுக்குப் பிறகு, தண்டு அடியில் நூலாக இளைத்து நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் சாய்கின்றன. மருந்துக்கடையில் சொன்னபடி லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் (பூஞ்சாணக்கொல்லி) கலந்து இரண்டு முறை ஊற்றியும் பயனில்லை. அளவைக் கூட்டலாமா?

மறுமொழி 1:
ஐயா, தயவுசெய்து கூட்டாதீர்கள். சாய்ந்த நாற்று ஒன்றை வேரோடு எடுத்துக் கழுவி, வேரை இரு விரல்களுக்கிடையே மெல்ல உருவிப் பாருங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவில் வெள்ளை நரம்பு மட்டும் மிஞ்சினால் அது பெரும்பாலும் பித்தியம் என்னும் அழுகல் நோய்க்கிருமி. மண்மட்டத்தில் தண்டு பழுப்பேறிக் குழிந்து, வறண்டு காணப்பட்டால் ரைசோக்டோனியா என்னும் பூஞ்சாணம் என்று கொள்ளலாம். பித்தியம் உண்மையான பூஞ்சாணமே அன்று. பழுப்புநிறக் கடற்பாசிகளின் உறவினம். அதன் வித்துகள் நீரில் நீந்திப் பரவும், கார்பன்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. அதற்கு மெட்டலாக்சில் 8 சதவீதமும் மாங்கோசெப் 64 சதவீதமும் கலந்த தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, வேர்ப்பகுதி நனையும்படி பூவாளியால் ஊற்றுவது வழக்கம். உறையில் அச்சிட்டிருக்கும் பயிரையும் அளவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
உருவிப் பார்த்தேன். தோல் அப்படியே கழன்று வந்தது. வெறும் நரம்புதான் கையில் நின்றது.

மறுமொழி 2:
அப்படியானால் மருந்தை மாற்றுங்கள், ஆனால் மெட்டலாக்சிலையே திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டாம்; எதிர்ப்புத்திறன் பெற்ற பித்தியம் பல இடங்களில் காணப்பட்டிருக்கிறது. அடுத்த முறை ஊற்ற நேர்ந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பயன்படுத்தலாம். எந்த மருந்தும் சாய்ந்த நாற்றை எழுப்பாது. அழுகிய குழிகளிலுள்ள நாற்றுகளை நாரோடு (குழியில் நிரப்பிய தென்னைநார்த் துகளோடு) அள்ளி, நாற்றங்காலுக்கு வெளியே புதைத்துவிட்டு, எஞ்சியவற்றைக் காப்பாற்றுவதே நோக்கமாக இருக்கட்டும். மாலையில் நீர் ஊற்றுவதை நிறுத்தி, காலையில் மேல்நார் வெளிறத் தொடங்கிய பிறகு மட்டும் ஊற்றுங்கள். தட்டுகள் தரையில் கிடந்தால் அடித்துளைகளில் நீர் தேங்கும், கம்பிமேல் ஏற்றிவையுங்கள். என் கணிப்பில் உங்கள் சேதத்தில் பாதிக்கு மேல் ஈரத்தால் வந்தது.

மறுமொழி 3:
அடுத்த விதைப்புக்கு ஒன்று சேர்க்கிறேன். விதைப்பதற்கு 24 மணி நேரம் முன்பு, ஒரு கிலோ விதைக்கு டிரைகோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சாணம்) 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் புளோரசன்ஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) 10 கிராம் வீதம் நேர்த்தி செய்யுங்கள். டிரைகோடெர்மா இட்ட தட்டில் கார்பன்டாசிம் ஊற்றினால், நோயை விட்டுவிட்டு நீங்கள் வளர்த்த நல்ல பூஞ்சாணத்தைத்தான் அது கொல்லும். இந்தத் தட்டுகளிலுள்ள நாரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பித்தியத்தின் தடித்த சுவர் வித்துகள் அதில் உறங்கிக் கிடக்கும்.