நின்ற நிமிஷத்தில் என்ன பார்த்தோம்: பழைய ஹோண்டா ஓட்டுகிற பர்மாத் தமிழர்களின் அனுபவங்கள்

மோல்மீனிலிருந்து

என்னிடம் இருப்பது ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள். 72 சிசி, 6 வோல்ட், மின்சாரத்தை வெட்டி வெட்டிப் பொறி உண்டாக்குகிற பாயின்ட் வைத்த பழைய மாடல். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா எண்பதுகளில் ஒரு முறை ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. தெரு முழுக்கச் சீன வண்டிகள் ஓடுகிற ஊரில் இதன் சத்தம் தனியாகக் கேட்கும். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் சோறு போட ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் இதற்கு ஒரு நோய் வந்தது. காலையில் ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகும். முடோன் சாலையில் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். வின்செய்ன் தோயாவில் படுத்திருக்கிற பெரிய புத்தரைப் பார்க்கத் திரும்புகிற இடம் இருக்கிறதல்லவா, அங்கே வந்ததும் இரண்டு இருமல், அப்புறம் சத்தமே இல்லை. கால் வலிக்க மிதித்தாலும் அசையாது. சற்று நேரம் கழித்து மிதித்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

முதல் தடவை பின்னால் உட்கார்ந்திருந்தவன் தங்கை மகன். "மாமா, பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும், கார்பரேட்டரைக் கழட்டிப் பாப்போம்" என்றான். நியாயமான பேச்சுதான். நம் பக்கம் சாலையோரத்தில் தண்ணீர் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிற பெட்ரோலை வாங்கி ஊற்றுகிறோம். மழையோ மோல்மீன் மழை. அங்கேயே ரப்பர் மரத்தடியில் ஒதுங்கிக் கழற்றினோம். கிண்ணத்தின் அடியில் உண்மையாகவே கடுகளவு தண்ணீர் முத்துப்போல் உருண்டுகொண்டிருந்தது. ஜெட்டை ஊதி, கிண்ணத்தைத் துடைத்து மாட்டினோம். ஒரே மிதி, வண்டி ஓடியது. இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தத் தண்ணீர் முத்துதான் என்னை மூன்று மாதம் அலைக்கழித்தது. அதன் பிறகு நின்றபோதெல்லாம் நான் கார்பரேட்டரைத்தான் திறந்தேன். ஒவ்வொரு முறையும் துடைத்து மாட்டியதும் வண்டி ஓடியது. அதனால் ஒவ்வொரு முறையும் அழுக்குதான் காரணம் என்று இன்னும் உறுதியாக நம்பினேன். மிதவை ஊசியை மாற்றினேன். த்ராட்டில் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே, ஒரு பள்ளம் கீழே என்று மாற்றி மாற்றி வைத்தேன். கடைசியில் கார்பரேட்டரையே புதிதாக வாங்கி மாட்டினேன். அதோடும் அதே வளைவில் நின்றது.

முடோன் கடைத்தெருவில் ஒரு பெரியவர் வண்டி பார்க்கிறார், மொன் இனத்தவர். எல்லாரும் சயா, அதாவது பர்மிய மொழியில் வாத்தியார், என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்து ஒரே கேள்வி கேட்டார்: "வண்டி நின்றதும் முதலில் எதைத் தொடுவாய்?"

"கார்பரேட்டரை, சயா."

"அதைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் துடைத்ததால் வண்டி ஓடவில்லை. துடைக்க எடுத்த அரை மணியில் எஞ்சின் ஆறிவிட்டது, அதனால் ஓடியது.

சயா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நானும் இன்னொருவர் வண்டியில் பின்னாலேயே போனேன். வண்டி இருமி நின்ற அதே நிமிஷம் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்தார். வண்டியின் பிளக்கைக் கழற்றவே இல்லை. மேல்தொப்பியை மட்டும் இழுத்துத் தன் பிளக்கில் செருகி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் தலையில் அழுத்திப் பிடித்து என்னை மிதிக்கச் சொன்னார். ஒன்றுமில்லை, ஒரு பொறிகூட இல்லை. அடுத்து கார்பரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தினார். பெட்ரோல் தாராளமாக வடிந்தது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் இருக்கும். பொறியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம்தான் பெட்ரோலைத் திறந்தார் என்பதைக் கவனியுங்கள். மாற்றிச் செய்து தீப்பிடித்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மிதித்துப் பார்த்தோம். கால் மணி கழித்து மெலிந்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொறி. இன்னும் சற்று நேரத்தில் நீலமாக, டப் என்று சத்தத்தோடு அடித்தது. "கண்டன்சர்" என்றார் சயா.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் பாயின்ட்டும் கண்டன்சரும் இடது பக்கம், எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற காந்தச் சக்கரமான மேக்னட்டுக்கு உள்ளே, எஞ்சினோடு ஒட்டி இருக்கின்றன. பாயின்ட் திறக்கிற நொடியில் மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும். அப்போதுதான் காயிலில் பெரிய மின்னழுத்தம் கிளம்பி பிளக்கில் பொறியாகப் பாயும். அறுபடாமல் பாயின்ட்டின் இடைவெளியிலேயே தாவிப் போகப் பார்க்கிற மின்சாரத்தை வாங்கிக்கொள்வது கண்டன்சர். அது வயதாகிவிட்டால் சூட்டில் வேலை செய்யாது, ஆறினால் செய்யும். மேக்னட்டைப் புல்லர் போட்டு எடுத்துப் பார்த்தோம். பாயின்ட்டின் ஒரு முகத்தில் குழி, மறு முகத்தில் சின்ன மேடு, சுற்றிலும் கரி.

தட்டோனிலிருந்து

அண்ணே, உங்கள் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் இதே நோய், ஆனால் காரணம் நேர் எதிர்.

என்னுடையது சி90. இருபது நிமிஷம் ஓடும், நிற்கும், பத்து நிமிஷத்தில் ஓடும். கண்டன்சர்தான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மாற்றினேன், நிற்பது நிற்கவில்லை. காயிலை மாற்றினேன். பிளக் வயரின் நுனியில் கொஞ்சம் நறுக்கிவிட்டுத் தொப்பியைத் திருகிப் பார்த்தேன். ஒரு நாள் நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றினால் எலும்புபோல் காய்ந்திருந்தது. பொறி நன்றாக அடித்தது. அத்தனை மிதி மிதித்தும் பிளக் நனையவே இல்லை என்றால் பெட்ரோல் வரவில்லை என்றுதானே அர்த்தம்?

சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த மிதியில் வண்டி ஓடியது.

காரணம் என் கையால் நானே செய்தது. மழைத் தண்ணீர் டேங்குக்குள் இறங்காமல் இருக்க மூடியின் மேல் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். மூடியில் காற்று போகிற சின்னத் துளை ஒன்று இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே வர மறுக்கும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் எப்படியோ காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டி ஓடும். பார்க்கிறவனுக்கு எஞ்சின் ஆறியதால் ஓடுகிறது என்றுதான் தோன்றும். உங்களுக்கு மூன்று மாதம், எனக்கு ஒரு முழு மழைக்காலம். இப்போது பையை எடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் ஓரமாக ஒரு ரப்பர்ப் பட்டை ஒட்டியிருக்கிறேன்.

தன்பியூசயாட்டிலிருந்து

நான் டியூஷன் ஆசிரியை. சயாம் மரண ரயில் பாதை வந்து முடிந்த ஊர் எங்களுடையது. அந்தப் பழைய ரயில் எஞ்சினைத் தாண்டித்தான் தினமும் அப்பாவின் சி50ஐ ஓட்டிக்கொண்டு போகிறேன்.

திஞ்ஞான், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் நடந்தது. நமக்குச் சித்திரை பிறக்கிற அதே வாரம்தானே. பிள்ளைகள் பைப்பைப் பிடித்து என் மேலும் வண்டி மேலும் அடித்துவிட்டார்கள். வண்டி நின்றது. பிளக்கைத் துடைத்தேன், தொப்பியை முந்தானையால் துடைத்தேன். பொறி இல்லை. பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று தெருவில் ஒருவர் சொன்னார். இந்த வண்டிக்குப் பொறி பேட்டரியிலிருந்து வருவதில்லை, மேக்னட்டுக்குள் இருக்கிற காயில் தானே உண்டாக்குகிறது என்று அப்பா சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் எஞ்சின் ஓடும்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "சாவியைத் திருப்பினா வண்டி எப்படி நிக்குது? அந்த வயரை எர்த்ல தொடவச்சுத்தானே நிக்குது. சுவிட்சுக்குள்ள தண்ணி போயிருந்தா சாவி திறந்திருந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும்மா" என்றார். காயிலுக்குப் பக்கத்தில் சுவிட்சுக்குப் போகிற கிளை வயரை மட்டும் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன், மிதித்தேன், ஓடியது. அப்படி ஓட்டினால் சாவியால் நிறுத்த முடியாது. வீடு வந்ததும் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை காத்திருந்தேன். மறுநாள் சுவிட்சை வெயிலில் காயவைத்து மாட்டினோம்.

ரங்கூனிலிருந்து

இங்கே நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை இருப்பது உங்களுக்குத் தெரியும். தாத்தாவின் சி70 பெகுவில் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் ஓட்டுகிறேன். எனக்கு இருக்கிற தொல்லை வேறு. சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கைத் திறந்தால் அணைந்துவிடுகிறது. த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் நன்றாக ஓடுகிறது, வேகமும் இருக்கிறது. இன்னொன்று, பின் விளக்கு பல்பு எரிந்துபோன அன்றே முன் பல்பும் போய்விட்டது. இரண்டும் ஒரே கோளாறா?

மோல்மீனிலிருந்து, மறுபடியும்

தம்பி, இரண்டும் வேறு வேறு. முதலாவது, உண்மையாகவே கார்பரேட்டர்தான். வேகத்தில் ஓடுகிறது என்றால் மெயின் ஜெட் சுத்தமாக இருக்கிறது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கிற ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். ஸ்லோ ஜெட்டின் துளை மயிரிழைபோல் இருப்பதால் அதுதான் முதலில் அடையும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும், அப்புறம் எந்த ட்யூனிங்கும் ஒத்துவராது. தூண்டில் நரம்பு போதும். இரவு முழுக்கக் கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காலையில் நரம்பை விட்டு எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். மாட்டிய பிறகு ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சின் சூடானதும் அங்கிருந்து கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பிக் காதால் கேட்டு வையுங்கள். அடுத்த முறை ரங்கூன் திரும்புவதற்கு முன் கிண்ணத்தை வடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பல்பு விஷயம்: இந்த 6 வோல்ட் வண்டிகளில் ரெகுலேட்டர் கிடையாது. லைட்டிங் காயில் கொடுப்பதை முன் விளக்கும் பின் விளக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று போனால் மற்றதுக்குக் கூடுதலாகப் பாய்ந்து அதுவும் போகும். அதனால் பல்பில் எழுதியிருக்கிற வாட்ஸ் வண்டிக்கு உரியதுதானா என்று பாருங்கள். பின் பல்பு ஏன் முதலில் போனது என்பதையும் தேடுங்கள். என் வண்டியில் பச்சை வயர், அதாவது எர்த், பாடியில் போல்ட் போடுகிற இடத்தில் துரு ஏறி விட்டு விட்டுத் தொடர்பு கொடுத்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கிரீஸ் தடவி முறுக்கினேன். அதற்குப் பிறகு ஒரு பல்புகூடப் போகவில்லை.

தன்பியூசயாட் தங்கச்சி, உங்கள் அப்பா சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தட்டோன் தம்பி சொன்ன டேங்க் மூடி விஷயமும் முக்கியம். நானும் நின்றபோது மூடியைத் திறந்து பார்த்திருந்தால், கோளாறு பெட்ரோல் பக்கம் இல்லை என்பதாவது முதல் நாளே தெரிந்திருக்கும்.

கண்டன்சர் கதையை முடிக்கவில்லை. ஒரிஜினல் கிடைக்கவில்லை. சயா பழைய காரின் கண்டன்சர் ஒன்றைத் தேடி எடுத்தார். உள்ளே இருந்ததை வெட்டி நீக்கிவிட்டு, இதை மேக்னட்டுக்கு வெளியே, காற்று படுகிற இடத்தில் இக்னிஷன் காயிலின் பக்கத்தில் வைத்தார். அதன் வயர் பாயின்ட்டிலிருந்து காயிலுக்கு வருகிற வயரோடு சேர வேண்டும். உடம்பு நல்ல எர்த்தில் இறுக வேண்டும், அவ்வளவுதான். பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் சமப்படுத்தி, பெட்ரோலில் நனைத்த காகிதத்தை இடையில் விட்டு இழுத்தார். காகிதத்தில் கரி வராமல் ஆகும்வரை நாலைந்து முறை இழுத்தார். இடைவெளி 0.35 மில்லிமீட்டர். மேக்னட்டில் எஃப் என்கிற கோடு கேஸில் உள்ள குறிக்கு நேராக வரும்போது பாயின்ட் சரியாகத் திறக்க ஆரம்பிக்க வேண்டும். சிகரெட் தாள் ஒன்றை இடையில் வைத்து, மேக்னட்டைக் கையால் மெல்லத் திருப்பி, தாள் எப்போது நழுவுகிறது என்று விரல் நுனியால் பார்த்தார். மூன்று தடவை செய்தார். மூன்றிலும் கோட்டுக்கு நேராகவே நழுவியது.

கூலி கேட்டபோது, நான் வாங்கிய புதுக் கார்பரேட்டரைக் காட்டி, "இதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டு, அதுதான் இந்த வண்டிக்குப் பொருந்தும்" என்றார். மாட்டினேன். பங்குனி உத்திரத்துக்குக் காவடி பார்க்கப் போனபோது அந்த வளைவில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். தங்கை மகன் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். வண்டி இருமவில்லை. இப்போது சட்டைப் பையில் ஒரு பிளக்கும், டூல் பையில் ஒரு சிகரெட் தாளும் எப்போதும் இருக்கின்றன.