குடியை விட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் துணையாளாக வைக்கலாமா?

காசிமேட்டான்
எங்கள் பக்கம் ஒரு யோசனை பேசப்படுகிறது. குடியையோ போதை மாத்திரையையோ விட்டு இரண்டு வருடம் தாண்டியவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, இப்போது விட முயல்கிறவர்களுக்குத் துணையாளாக வைப்பது. நான் விட்டு ஆறு வருடம் ஆகிறது. உடனே செய்ய வேண்டும் என்பேன். 2019-இல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி, நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரில் சிலரை நான் தினமும் துறைமுகத்தில் பார்க்கிறேன். அவர்களைத் தேடி டாக்டர் வரமாட்டார். நான் போவேன்.

வார்டு அக்கா
எனக்கு உடன்பாடில்லை தம்பி. அரசு மருத்துவமனையில் 22 வருடமாக நர்ஸ். நாள்பட்டுக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஓடுகிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருப்பார். வலிப்பும் வரலாம், உயிரும் போகலாம். ஒருவரை மூன்றாம் நாள் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள், நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். குடியை விட்ட பக்கத்து வீட்டுக்காரர், "நான் மனசு வெச்சு விட்டேன், நீயும் படுத்துக்க, சரியாயிடும்" என்றாராம். தனக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும் என்று நினைப்பது சாதாரண ஆபத்தில்லை.

காசிமேட்டான்
அக்கா, நீங்கள் சொல்வதுதான் பயிற்சியின் முதல் வகுப்பாக இருக்க வேண்டும். வேர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடு என்பதை மனப்பாடமாக்கலாம். ஆனால் அந்த மூன்று நாளைத் தாண்டிய பிறகு என்ன? டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. விடியற்காலை ஏலம் முடிந்து அதற்குள் கையில் காசு வந்திருக்கும். போன மாதம் ஒருவர் 11.40-க்கு போன் செய்தார். "எங்க இருக்கண்ணா" என்றார், அவ்வளவுதான். வரச் சொல்லி, கிழிந்த வலையை மடியில் போட்டு ஊசியைக் கையில் கொடுத்தேன். நடுங்கிய கையோடு கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டிருந்தார். ஒன்றரைக்குத் தலையை நிமிர்த்தி "பசிக்குது" என்றார். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எந்த மனநல ஆலோசகர் அங்கே இருந்திருப்பார்?

மாலைக் கூட்டம்
இதில் சம்பளம் எங்கே வந்தது? குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பு 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியதே ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரோடு உட்கார்ந்து பேசியதில்தான். இன்றுவரை அதற்குக் காசு வாங்குவதில்லை. நமக்கும் அந்த வழிதான் சரி. கூலி வந்துவிட்டால் உறவு போய்விடும்.

வியாசர்பாடி தங்கச்சி
சம்பளம் வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள் சார். என் அண்ணன் மாத்திரையை விட்டு எட்டே மாதத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சாப்பாடும் படுக்கப் பாயும் உண்டு, சம்பளம் கிடையாது. கேட்டால் சேவை என்றார்கள். இரவெல்லாம் கத்துகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருப்பான், விடிந்ததும் போன் அடிக்கும். யார் கூப்பிட்டாலும் ஓடினான். அவன் பார்த்துக்கொண்ட பையன் ஒருவன் இறந்துபோன அன்று, அண்ணனை உட்கார வைத்துப் பேச அங்கே ஒரு ஆள் இல்லை. அடுத்த வாரமே மறுபடி மாத்திரைக்குப் போய்விட்டான். பயிற்சி என்றால் அடுத்தவரைத் தூக்கிவிடுவதோடு, எப்போது போனை அணைப்பது, "இன்றைக்கு என்னால் முடியாது" என்று யாரிடம் சொல்வது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வார்டு அக்கா
தங்கச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவில் வசதியில்லாதவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் 2007-இல் இப்படிப்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியபோது மூன்று நிபந்தனை வைத்தது. பயிற்சியும் சான்றும் வேண்டும். செய்கிற வேலை நோயாளியின் சிகிச்சைத் திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். மேலே கண்காணிக்கத் தகுதியான ஒருவர் இருக்க வேண்டும். நம்மிடம் கடைசி நிபந்தனைக்குத்தான் ஆள் கிடைக்காது. அப்படி ஒரு ஆளைக் காட்டாத வரை என் எதிர்ப்பு அப்படியே இருக்கும்.

காசிமேட்டான்
சரிக்கா, நியாயம்தான். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் துணையாட்களோடு உட்கார நீங்களே வருவீர்களா? கூட்டத்துக்கு இடம் நான் பார்க்கிறேன். மாலைக் கூட்டம் சார், ஏ.ஏ.வில் நானும் காசு வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டேன். ஆனால் காலை முதல் இரவு வரை வீடு வீடாகப் போகச் சொல்லிவிட்டு, அவன் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது?

மாலைக் கூட்டம்
முழுநேர வேலை என்றால் அது வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஏ.ஏ. பெயரை வைக்காதீர்கள்.

வார்டு அக்கா
வியாழக்கிழமை என்றால் டியூட்டி முடிந்து வருவேன். இரண்டு வருடம் ஆகாதவர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. இருந்தால் எழுந்து போய்விடுவேன்.

வியாசர்பாடி தங்கச்சி
அண்ணன் மறுபடி நிறுத்தி இன்றோடு 41 நாள். வேலைக்கு அனுப்பமாட்டேன். வலை பின்னுகிற இடத்தில் அவன் சும்மா வந்து உட்காரலாமா அண்ணா?

காசிமேட்டான்
நாளைக்கே கூட்டி வாம்மா. பதினொன்றரைக்கு முன்னால் வந்துவிடுங்கள்.